பத்தொன்பதாவது கோழி

பசை டீச்சருக்குச் சுவரில் ஓர் இடம் காலியாக இருந்தால் சோறு இறங்காது. அவருடைய மழலையர் வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகள். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, சன்னலுக்கு எதிர்ச்சுவரில் பத்தொன்பது கைவேலைகள் ஒட்டியாக வேண்டும். பதினெட்டுதான் இருந்தால், பார்க்கிறவர்கள் எவ்வளவு புகழ்ந்தாலும் அவர் காதில் ஏறாது. இருபத்தாறு வருடமாகக் காகிதத்தோடும் கத்தரிக்கோலோடும் மல்லுக்கட்டியதில் அவர் விரல்நுனிகளில் எந்நேரமும் காய்ந்த பசை உரிந்துகொண்டிருக்கும். அதைப் பிய்த்தெடுக்கும் பாக்கியத்துக்காகப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். பெயர் அப்படி வந்ததுதான்.

அந்த மாதம் கோழி. செய்முறை ஒன்றும் பிரமாதமில்லை. தட்டில் பெயின்ட், அதில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. சோப்பு விட்டால் கழுவும்போது பெயின்ட் அடம்பிடிக்காமல் போய்விடும். ஸ்பாஞ்சுத் துண்டால் பிள்ளையின் உள்ளங்கையில் பூசி, விரல்களை விரித்து, காகிதத்தில் ஓர் அழுத்து. கட்டைவிரல் கோழியின் தலை, மற்ற நாலு விரலும் வால். காய்ந்ததும் ஒரு கண், ஓர் அலகு, இரண்டு குச்சிக் கால். இதே கைகள் முந்தைய மாதங்களில் மீனாகவும் மரமாகவும் யானையாகவும் ஆகியிருக்கின்றன. நாலு வயசுக் கைக்கு எந்த வேஷமும் பொருந்தும்.

எழுத்துக் கூட்டத் தெரியாத வயசு என்பதால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படம் உண்டு. பை மாட்டும் கொக்கியிலும் தண்ணீர் பாட்டிலிலும் கைவேலையின் மூலையிலும் அந்தப் படம் ஒட்டியிருக்கும். பட்டாணிக்குக் குடை.

பட்டாணி என்பது அவளுடைய அப்பா வைத்த செல்லப்பெயர். உருண்டை முகம், உருண்டைக் கண், ஓரிடத்தில் நிற்காமல் உருளுகிற சுபாவம். அவளுடைய அம்மா ஒன்றரை வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு, குழந்தைகள் வார்டில் நர்ஸ் வேலைக்குப் போனவர். அப்பா வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பவர். மகளைக் காலையில் கொண்டுவந்து விடும்போதே தோளில் கருவிப் பை தொங்கும். அடுத்த வாரமே சுவரிலிருந்து இறங்கும் கைவேலையை மாதாமாதம் வாங்கிப்போய், அட்டை வைத்து, மடிக்காமல், மனைவிக்குத் தபாலில் அனுப்பிவிடுவார்.

"போன்ல தினமும் மூஞ்சியப் பாக்குறாங்க டீச்சர். ஆனா போன்ல எல்லாரும் ஒரே சைஸுலதான் தெரியுறாங்களாம். பொண்ணு எவ்வளவு வளர்ந்திருக்கான்னு இந்தக் கைய வெச்சுத்தான் பாத்துக்கறாங்க" என்று ஒருநாள் சொன்னார். பசை டீச்சர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டது மனசில் தங்கவில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு பிள்ளை மூக்கில் பாசிமணியைப் போட்டுக்கொண்டிருந்தது.

கோழி வெள்ளிக்கிழமை பட்டாணியின் முறை வந்தபோது அவள் இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டாள்.

"எனக்கு வேண்டாம்."

"பெயின்ட் ஜில்லுனு இருக்குன்னு பயமா? வெதுவெதுன்னு ஆக்கித் தரட்டுமா?"

"வேண்டாம்."

"மஞ்சக் கோழி? சிவப்பு? ரெண்டும் கலந்து?"

பசை டீச்சர் கெஞ்சினார், கொஞ்சினார், கோழிபோலக் கூவிக்கூடப் பார்த்தார். அக்குள் திறக்கவில்லை. மணியோ பதினொன்றரை. பதினெட்டுக் கோழிகள் கொடியில் காய்கின்றன. மதியம் தலைமை டீச்சர் சுவரைப் பார்க்க வருவார்.

வகுப்பில் மேனேஜரம்மா என்று ஒருத்தி இருந்தாள். பட்டாணியைவிட ஆறு மாதம் சின்னவள், ஆனால் வகுப்பையே நடத்துவது தான்தான் என்ற நினைப்பு. பெயின்ட் தட்டைக் கண்டால் கையை நீட்டிக்கொண்டு ஓடிவருவாள். அன்றைக்கும் வந்து, "நான் இன்னொண்ணு வெக்கட்டா டீச்சர்?" என்றாள். பசை டீச்சர் ஒரு விநாடி யோசித்தார். ஒரு விநாடிதான். பிறகு அந்தக் கையில் பெயின்ட் பூசி, அழுத்தி, காய்ந்ததும் மூலையில் குடைப் படத்தை ஒட்டிச் சுவரில் ஏற்றிவிட்டார். கோழிக்குக் கோழி என்ன வித்தியாசம், யார் அளந்து பார்க்கப்போகிறார்கள் என்பது அவருடைய கணக்கு.

திங்கட்கிழமை பட்டாணி சுவருக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அது என் கோழி இல்ல."

"உன்னோடதுதான் கண்ணு. பாரு, குடை இருக்கு."

அவள் குடையைப் பார்த்தாள், தன் கையைத் திருப்பிப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். பிறகு கட்டைகளை அடுக்கப் போய்விட்டாள். அந்தப் பார்வை பசை டீச்சருக்கு லேசாக உறுத்தத்தான் செய்தது. உறுத்தினால் என்ன, வேலை தலைக்கு மேல் கிடந்தது.

இரண்டு வாரம் கழித்து, பிள்ளைகள் மதியம் பாய்களில் படுத்திருக்கும் வேளையில் போன் அடித்தது. பட்டாணியின் அம்மா.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்காதீங்க. என் பொண்ணு சரியா சாப்பிடுறாளா?"

"நல்லா சாப்பிடுறாளேம்மா. டப்பாவ வழிச்சு வெச்சுடுறா. ஏன்?"

"கோழி வந்துச்சு. எங்க ஹாஸ்டல் அலமாரிக் கதவுல எல்லாத்தையும் ஒட்டி வெச்சிருக்கேன். மொத்தம் பதினாலு கை. புதுசு வந்ததும் பழசு மேல வெச்சு வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்பேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். இந்தத் தடவ உள்ள போயிருக்கு டீச்சர். நடுவிரல்ல அரை விரக்கடை கம்மி."

பசை டீச்சர் பக்கத்தில் இருந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது பிள்ளைகள் உட்காரும் நாற்காலி. முழங்கால் நெஞ்சுக்கு வந்தது.

"எலும்பு சுருங்காதுன்னு எனக்குத் தெரியும். நான் நர்ஸு. ஆனா எனக்குள்ள இருக்குற அம்மாவுக்கு அது புரிய மாட்டேங்குது" என்றார் அவர். "இவர்கிட்ட கேட்டா நல்லாதான் இருக்கான்னு சொல்றாரு. இவரு கெட்ட சேதி எதையும் சொல்ற ஆளு இல்ல. காய்ச்சல் வந்தாக்கூட விட்டப்புறம்தான் சொல்லுவாரு. நீங்க மறைக்காம சொல்லுங்க. அவளுக்கு உடம்புக்கு ஏதாவதா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். பசை டீச்சருக்கு நாக்கு வரைக்கும் வந்தது, வந்த வழியே திரும்பிப் போனது.

"அது வந்து... பெயின்ட் கொஞ்சம் கம்மியாப் போச்சும்மா. கை சரியா அழுந்தல. அதான் சின்னதாத் தெரியுது."

"அப்படியா?" என்ற குரலில் பாதி உயிர் திரும்பியது. பாதிதான். "அப்போ இன்னொரு தடவ நல்லா அழுத்தி எடுத்துத் தாங்க டீச்சர். நாளைக்கே. இவர போட்டோ எடுத்து, பக்கத்துல ஸ்கேல் வெச்சு அனுப்பச் சொல்றேன். அதப் பாத்தாத்தான் எனக்கு மனசு ஆறும்."

பசை டீச்சர் சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் ஒரு பொய் சொன்னால் அதற்குத் துணைக்கு இன்னொன்று தேவைப்படும் என்பது அவருக்கு ஐம்பத்திரண்டு வயசில்தான் தெரிந்தது.

மறுநாள் அவர் தன் வித்தை அத்தனையையும் இறக்கினார். மாவும் உப்பும் பிசைந்து வண்ணக் களிமண் செய்து, "கைய வெச்சு அமுக்கு, பூ வரும்" என்றார். பட்டாணி முஷ்டியை மடக்கிக்கொண்டே பாம்பு உருட்டினாள், அதுவும் நேர்த்தியாக. அதற்கடுத்த நாள் பெயின்ட்டே வேண்டாம், க்ரேயானால் கையைச் சுற்றி ஒரு கோடு மட்டும் என்றார். பட்டாணி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்சம் மாவைத் தரையில் பரப்பி, "இதுல தடம் பதிக்கலாம் வா" என்றபோது காலை வைத்தாள். மேனேஜரம்மா மட்டும் எல்லாவற்றுக்கும் கையை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். பசை டீச்சருக்கு அந்தக் கையைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

மூன்றாவது நாள் பட்டாணியின் அப்பா வாசலிலேயே நின்றார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "அந்தக் கைய இன்னைக்காவது தந்துடுங்க டீச்சர். அவங்க நேத்து டியூட்டில ஒரு குழந்தைக்கு மருந்த ரெண்டு தடவ சரிபாத்துட்டு, மூணாவது தடவையும் சந்தேகம் வந்து இன்னொருத்தர கூப்பிட்டாங்களாம். நினைப்பு முழுக்க இங்கதான் இருக்கு" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று பசை டீச்சருக்கு இருந்தது. அவர் பணிவாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று மதியம் பாய்களுக்கு நடுவே குனிந்து நடந்து, பட்டாணியின் பக்கத்தில் பசை டீச்சர் படுத்துக்கொண்டார். அவள் தூங்கவில்லை. கூரையில் சுற்றும் விசிறியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, டீச்சர் ஒரு தப்பு பண்ணிட்டேன். அந்தக் கோழி உன் கோழி இல்ல."

"எனக்குத் தெரியும்" என்றாள் பட்டாணி. "அது மேனேஜரம்மா கை. அவளுக்குச் சுண்டுவிரல் வளைஞ்சிருக்கும்."

பசை டீச்சருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இரண்டு வாரமாக இந்தப் பொடிசுக்குத் தெரிந்தேயிருக்கிறது. அதற்குமேல் யாரிடமும் சொல்லாமல் பொறுத்துப் போயிருக்கிறது. கடைசியில், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டார்.

"உனக்கு ஏன் கை வெக்கப் பிடிக்கல?"

பட்டாணி புரண்டு அவர் பக்கம் திரும்பினாள். ரகசியம் சொல்லும் குரல்.

"என் கை அம்மாகிட்டப் போயிட்டே இருக்குல்ல. அம்மா அதப் பாத்து ரொம்ப சந்தோஷமா இருக்காங்க. போன்ல சொன்னாங்க. உன் கை எங்கூடவே இருக்கு, எனக்கு அது போதும்னு." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "கை போனாப் போதும்னா அவங்க ஏன் வருவாங்க? அதான் குடுக்கல. கை வேணும்னா வரட்டும்."

சொல்லிவிட்டு மறுபடி விசிறியைப் பார்த்தாள். அழவில்லை. யோசித்து எடுத்த முடிவை எடுத்துச் சொன்ன நிம்மதிதான் அவளிடம் தெரிந்தது. அழுதது பசை டீச்சர். சத்தம் வராமல் இருக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, பத்தொன்பது பிள்ளைகளுக்கு நடுவில் படுத்தபடி அழுதார். எந்த வித்தை காட்டி இந்தக் கையைப் பதியவைக்கலாம் என்று மூன்று நாளாகத் தவித்ததை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

கைவேலைச் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவரே போன் போட்டார்.

"அந்தக் கோழி உங்க பொண்ணோட கை இல்லம்மா. அவ கை வெக்க மாட்டேன்னுட்டா. சுவர்ல இடம் காலியா இருக்கக் கூடாதுன்னு வேற ஒரு பிள்ளை கைய வெச்சுட்டேன். அன்னைக்கு நீங்க கேட்டப்பவும் பொய் சொன்னேன். என்னை மன்னிச்சுடுங்க."

முதலில் வந்தது ஒரு நீண்ட மூச்சு.

"அப்போ அவ நல்லா இருக்கா?"

"நல்லா இருக்காம்மா. அட்டகாசமா இருக்கா."

"நல்லா இருக்கா" என்று அவர் தனக்குத்தானே இன்னொரு முறை சொல்லிக்கொண்டார். அதன் பிறகுதான் கோபம் வந்தது. "மூணு நாளா நான் தூங்கல டீச்சர். யார் பெத்த பிள்ளையோட கைக்கோ முத்தம் குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன். தினமும் டியூட்டிக்குப் போறப்ப அதத் தொட்டுட்டுத்தான் போவேன். உங்களுக்கு அது ஒரு கோழி. எனக்கு இங்க வேற என்ன இருக்கு?"

அந்த அம்மா திட்டி முடிக்கும்வரை பசை டீச்சர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"அவ ஏன் வெக்க மாட்டேன்னா?" என்று கடைசியில் அந்த அம்மா கேட்டார்.

பசை டீச்சர் சொன்னார். கூட்டாமல் குறைக்காமல், பட்டாணி சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னார்.

மறுமுனையில், பின்னால் எங்கோ ஒரு குழந்தை அழும் சத்தமும், யாரோ தள்ளுவண்டியை உருட்டிப்போகும் சத்தமும் கேட்டன.

"அவ சொன்னது சரி டீச்சர்" என்றார் அந்த அம்மா. கோபமெல்லாம் வடிந்து குரல் மெலிந்திருந்தது. "எனக்கு ரெண்டு தடவ லீவு வந்துச்சு. முதல் தடவ வார்டுல ஆள் பத்தலன்னு இருந்துட்டேன். ரெண்டாவது தடவ பெட்டியக்கூட இறக்கிட்டேன். அன்னைக்குப் பாத்து யானை வந்துச்சு. எவ்ளோ பெரிய யானை! பாத்ததும் மனசு நெறைஞ்சு போச்சு. நல்லாத்தானே வளருறா, அடுத்த தடவ போய்க்கலாம்னு லீவ இன்னொருத்திக்கு விட்டுக் குடுத்துட்டேன். இத நான் யார்கிட்டயும் சொல்லல. இவர்கிட்டக்கூடச் சொல்லல. அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

இருவரும் அழுதார்கள். சாமான் அறையில் காலி அட்டைக் குழாய்களுக்கும் பாட்டில் மூடி மூட்டைகளுக்கும் நடுவில் நின்று, முகம் பார்த்திராத ஒருத்தியோடு சேர்ந்து அழுவதில் பசை டீச்சருக்குக் கூச்சம் எதுவும் இருக்கவில்லை.

"எனக்குக் கை அனுப்ப வேண்டாம்" என்றார் அந்த அம்மா. "வர்றேன்னு சொல்லுங்க. இல்ல, நீங்க சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கிறேன்."

லீவு கிடைக்க ஐந்து வாரம் ஆனது. வந்த அன்று வீட்டில் காத்திருக்கப் பொறுக்காமல், பெட்டியைக் கணவரிடம் விட்டுவிட்டு நேரே வகுப்புக்கே வந்துவிட்டார். காலை பத்து மணி. பிள்ளைகள் கம்பளி நூலை அட்டையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். போனில் உள்ளங்கை அளவுக்குத் தெரியும் முகம் வாசற்படியில் முழு உயரத்தில் நிற்பதைப் பார்த்ததும் பட்டாணிக்குக் கூச்சம் வந்துவிட்டது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வோர் அடியாக, கிட்டே வந்தாள்.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்டா தங்கம்."

"நிஜமாவா?"

"நிஜமா."

பட்டாணி கையை முன்னால் கொண்டுவந்து நீட்டினாள். "இந்தாங்க."

அம்மா தரையில் உட்கார்ந்து அந்தக் கையை வாங்கிக்கொண்டார். அளக்கவில்லை. விரல் விரலாகத் தடவி, நகங்களைப் பார்த்து, உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். பட்டாணி அந்தக் கன்னத்தை நன்றாகக் கிள்ளிப் பார்த்தாள்.

பசை டீச்சருக்குக் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. ஆனால் இருபத்தாறு வருடப் பழக்கம் லேசில் விடுமா? கை தானாகவே பெயின்ட் தட்டைத் தேடியது. அம்மாவின் கை பெரிதாக, அதற்கு உள்ளே பிள்ளையின் கை சின்னதாக, ஒரே தாளில் இரண்டு நிறம். எவ்வளவு அழகாக வரும்! தட்டைக் கொண்டுவந்து அம்மாவின் உள்ளங்கையில் நீலத்தைப் பூசியும்விட்டார். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்தார்.

பட்டாணியின் முகம் மாறியது. தாளைப் பிடித்து அப்பால் தள்ளினாள்.

"பேப்பர்ல வேண்டாம்."

"ஏன் கண்ணு? அம்மா திரும்பிப் போனப்புறம் நீ எடுத்து எடுத்துப் பாத்துக்கலாம்ல?" என்று சொன்ன பிறகுதான் பசை டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பட்டாணி தலையை வேகமாக ஆட்டினாள். உதடு பிதுங்கியது. இத்தனை நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"வேண்டாம். அப்புறம் நானும் பேப்பரையே பாத்துக்கிட்டு சும்மா இருந்துடுவேன்."

அம்மா அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டார், பெயின்ட் கையை மட்டும் அப்பால் நீட்டியபடி. பசை டீச்சர் தட்டைத் தரையில் வைத்துவிட்டு ஈரத்துணி எடுத்துவந்தார். பிள்ளைகளுக்குத் துடைப்பதுபோலவே, விரலிடுக்கு விடாமல், ஒரு சொட்டு நீலம் மிச்சமில்லாமல் அந்த அம்மாவின் கையைத் துடைத்துவிட்டார். ஈரம் காய்வதற்குள் பட்டாணி அதைப் பிடித்துக்கொண்டாள்.